காலி அட்டையும் மூன்று கட்டங்களும்: மாத மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார் அந்த அம்மா. பத்துக் குழிகளும் காலி. பின்புறத் தகட்டில் மருந்தின் பெயர் இருந்த இடம் கிழிந்துபோயிருந்தது. “இதே மாத்திரைதான் டாக்டரம்மா, ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுங்கள்” என்றார். விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். அவருடைய நோட்டு என் கைக்கு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். சென்ற மாதம் எழுதியதை அப்படியே திரும்ப எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேனா என்றால், இல்லை. போன மாத மாத்திரைகளை எல்லாம் சாப்பிட்டாரா என்று கேட்டேனா என்றால், அதுவும் இல்லை. கேட்க நேரமில்லை. அவருக்குப் பின்னால் வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது.

நான் மருத்துவ அலுவலராகப் பணியாற்றிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திர மருந்து வழங்கும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதன் பதிவு இது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை. புது மென்பொருள் வாங்கவில்லை, கூடுதல் ஆளும் கிடைக்கவில்லை. ஒரு வேலைக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருந்தன, அவற்றைப் பிரித்தோம். மாத்திரையைக் கையில் கொடுப்பது ஒன்று. அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று முடிவெடுப்பது இன்னொன்று. முன்னது மாதாமாதம் நடக்க வேண்டும், அதற்கு மருத்துவர் தேவையில்லை. பின்னது மாதாமாதம் நடக்க வேண்டியதில்லை, ஆனால் நடக்கும்போது மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால் முதலாவது தாமதமாயிற்று, இரண்டாவது நடக்கவே இல்லை.

இது எங்கள் ஊர்ச் சிக்கல் மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசு நிலையங்களில் தனியாகக் கவனிப்புத் தரும் ஏற்பாடு, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2012இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. மருந்துக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவாக்கப்பட்டதிலிருந்து, ஒவ்வொரு நிலையமும் தனக்கான ஒதுக்கீட்டைப் பதியும் பாஸ்புக் வைத்து மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும் முறை ஊன்றிவிட்டது. அப்படியிருந்தும் 2020இல் மாநிலம் தழுவி எடுக்கப்பட்ட தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் தெரியவந்த நிலை கவலைக்குரியது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கு. நோய் இருப்பதே தெரியாதவர்கள் இதில் பெரும் பங்கு என்பது உண்மைதான். ஆனால் தெரிந்து, சீட்டும் வாங்கி, இடையில் நின்றுவிட்டவர்களையும் நான் தினமும் பார்த்தேன். மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்றால், உடம்பில் எந்த வலியும் காட்டாத ஒரு நோய்க்காக எத்தனை மாதம் நிற்பார்கள்?

வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம்

மாற்றம் எதையும் தொடங்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை, அதுதான் எங்கள் தொற்றாநோய் நாள், செவிலியர் ஒருவரை வராந்தாவில் நிறுத்தி வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். “இன்றைக்கு எதற்காக வந்திருக்கிறீர்கள்? காலையில் மாத்திரை சாப்பிட்டீர்களா?”

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் சொன்ன பதில் “மாத்திரை தீர்ந்துவிட்டது” என்பதே. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது கேள்வியின் பதில்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. “வெறும் வயிற்றில் வரச் சொல்வார்களே” என்று காப்பிகூடக் குடிக்காமல் வந்திருந்தார்கள் பாதிப் பேர். சர்க்கரைப் பரிசோதனை இல்லாத மாதத்திலும் அப்படித்தான். மாத்திரையையும் நிறுத்திவிட்டே வந்திருந்தார்கள், ரத்தக் கொதிப்பு மாத்திரை உட்பட. அதாவது, மருந்து சாப்பிடாத ஓர் உடம்பில், பசியோடும் எரிச்சலோடும் நான்கு மணி நேரம் நின்றபிறகு, நாங்கள் ரத்த அழுத்தம் பார்த்து, “ஏறியிருக்கிறது” என்று மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தோம். எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மறுவாரமே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி நுழைவாயிலில் மாட்டினோம்: பிரஷர் மாத்திரையைக் காலையில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சர்க்கரைப் பரிசோதனை உள்ளவர்கள் மட்டும் சாப்பிடாமல் வந்தால் போதும், அந்தத் தேதி உங்கள் நோட்டில் இருக்கும். அந்த அட்டையைத் தொங்கவிட்டதுதான் முதல் சீர்திருத்தம். படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் வாய்விட்டுச் சொன்னார்.

முப்பது மாத்திரையும் இருபத்தெட்டு நாளும்

அடுத்தது கணக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்து இடையில் நின்றுபோவதற்கு இந்தக் கணக்குப் பிசகும் ஒரு பெரிய காரணம் என்பது என் முடிவு.

ஒரு மாதம் என்றால் முப்பது மாத்திரை, மூன்று அட்டை. ஜனவரி 5ஆம் தேதி வாங்கி அன்றைக்கே தொடங்கினால் பிப்ரவரி 3ஆம் தேதியோடு தீரும். “அடுத்த மாதம் இதே தேதிக்கு வாருங்கள்” என்று சொன்னால், 4ஆம் தேதி மாத்திரை இல்லை. 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் ஒரு நாள் போகும். எங்களைப்போல் வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்கும் இடமாக இருந்தால் ஒரு வாரம்கூடப் போகலாம். நோயாளி ஒரு நாள்கூடத் தவறாமல் சொன்னபடி வந்தாலும் மருந்து அறுந்துவிடும். “ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை” என்று அவரையே நாம் கடிந்துகொள்வோம்.

தேதியை விட்டுக் கிழமைக்கு மாறினோம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே வெள்ளிக்கிழமை. இருபத்தெட்டு நாளுக்கு முப்பது மாத்திரை. கையில் எப்போதும் இரண்டு மிஞ்சும். மழை, சாவு வீடு, திருவிழா எது வந்தாலும் இரண்டு நாள் தாங்கும். அடுத்த சுற்றில் நான்காகும், அதற்கடுத்து ஆறாகும்.

நாங்கள் எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. எங்கள் மருந்தாளுநர் அனுபவசாலி. “மிச்சம் எத்தனை இருக்கிறது, காட்டுங்கள்” என்று கேட்கத் தொடங்கினார். மூன்று சுற்று முடிந்தவரிடம் ஆறு மாத்திரை இருந்தால் சரி. பதினெட்டு இருந்தால் பன்னிரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே இல்லை என்றால், பெரும்பாலும் வீட்டில் வேறு யாரோ அதே மாத்திரையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கடைசிச் செய்தி நோட்டிலோ ரத்தப் பரிசோதனையிலோ ஒருநாளும் வந்திருக்காது. கணவருக்குக் கொடுத்த மாத்திரையை மனைவியும் சாப்பிடுவது எங்கள் பகுதியில் சர்வ சாதாரணம். அவரையும் அழைத்துப் பரிசோதித்து அவர் பெயரில் ஒரு நோட்டுப் போட்டால் தீர்ந்தது.

ஒருவருக்கு மூன்று நான்கு மருந்துகள் என்றால் அவை வெவ்வேறு நாளில் தீரும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலை ஒன்று இரவு ஒன்று என்றால் ஆறு அட்டை. ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று என்றால் மூன்று அட்டை. இடையில் ஒரு மருந்தைப் புதிதாகச் சேர்த்தால் அதற்கு மட்டும் தனிச் சுற்று உண்டாகிவிடும். எனவே புது மருந்தை முதல் தடவை மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் எண்ணிக் கொடுத்துவிடுவோம். அதன்பின் எல்லாம் ஒரே நாளில் தீரும்.

மூன்று கட்டங்கள்

மருத்துவரை யார் பார்க்க வேண்டும், யார் பார்க்காமலே மருந்து வாங்கிப் போகலாம் என்பதே அடுத்த கேள்வி. இதற்கான விடை நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். மருத்துவர் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதன்படியே தர வேண்டும். ஒவ்வொரு முறை தரும்போதும் தேதியைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். மருந்துக் கடைகளுக்காக எழுதப்பட்ட விதிதான். ஆனாலும் நான் படித்த காலத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. நம் ஊர்ச் சீட்டுகளில் “மூன்று முறை தரலாம்” என்ற வரியைப் பார்ப்பதும் அரிது. அதனால்தான் கடைகளில் காலி அட்டையே சீட்டாகிவிட்டது. இங்கிலாந்தில் 2005 முதல் இதே கருத்தை ஒரு முறையாகவே நடத்துகிறார்கள். மருத்துவர் ஓராண்டு வரைக்கும் ஒப்புதல் தரலாம், மருந்தாளுநர் ஒவ்வொரு தவணையிலும் நோயாளியிடம் நலம் விசாரித்த பிறகே மருந்தைத் தருவார்.

நாங்கள் நோட்டில் சீட்டுக்குக் கீழே மூன்று கட்டம் போட்டோம். மருந்து வாங்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, ரத்த அழுத்தம், மிச்ச மாத்திரை எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஏறும். மூன்று கட்டமும் நிரம்பிவிட்டால் நான்காவது முறை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதிலும் அன்றைக்குக் கையில் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மாத்திரை கிடைக்காதோ என்ற பயம் இருந்தால் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

கட்டம் மிச்சம் இருந்தாலும் செவிலியர் மருத்துவரிடம் திருப்பிவிட வேண்டிய ஆட்கள் உண்டு. ரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தாண்டியவர், மயக்கம் வந்தவர், மூச்சு வாங்குகிறவர், காலில் புண் உள்ளவர், இடையில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர், கர்ப்பமானவர். சிலவகை மருந்துகளுக்குக் கட்டமே கிடையாது என்றும் எழுதி வைத்தோம். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் மருத்துவர் பார்த்தே எழுத வேண்டும்.

சில வாரங்களில் வேப்பமரத்தடி வரிசை கரைந்தது. மாத்திரைக்கு மட்டும் வந்தவர்கள் வெயில் ஏறுமுன் வீடு திரும்பினார்கள். என் மேசைக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் நான் கண்டவைதான் என்னை இந்த முறையின்மீது உறுதியாக நிற்க வைக்கின்றன.

ஓர் இருமல்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு நெசவாளர். ரத்தக் கொதிப்புக்கு எனாலப்ரில் 5 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தார். மூன்று கட்டமும் நிரம்பி என்னிடம் வந்தார். அழுத்தம் நன்றாகவே இருந்தது. பழைய முறையாக இருந்தால் “அதே மருந்து” என்று எழுதி அனுப்பியிருப்பேன். பேசிக்கொண்டிருக்கும்போது இருமினார். மறுபடியும் இருமினார். சளி இல்லாத வறட்டு இருமல்.

“எத்தனை நாளாக இருமல் ஐயா?”

“அது கிடக்கிறது அம்மா, தறித் தூசி. ஏழெட்டு மாதமாக இருக்கிறது. ராத்திரியில் தூக்கம் போய்விடுகிறது.”

நோட்டைப் புரட்டினேன். எனாலப்ரில் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது மாதத்தில் எங்கள் நிலையத்துப் புறநோயாளிப் பிரிவிலேயே நான்கு முறை இருமல் மருந்து வாங்கியிருக்கிறார். இரண்டு முறை ஆன்டிபயாட்டிக். ஒரு முறை காசநோய்ச் சந்தேகத்தில் சளிப் பரிசோதனை, அதில் கிருமி இல்லை. எல்லாம் ஒரே நோட்டில், ஒரே கட்டடத்தில், அதிலும் இரண்டு இடத்தில் என் கையெழுத்திலேயே. எனாலப்ரில் வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்பது மாதம் அந்த மாத்திரையை மாதாமாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு வகை ரத்தக் கொதிப்பு மருந்தான லோசார்ட்டானுக்கு மாற்றினேன். அடுத்த சுற்றுக்கு அவர் மனைவியும் கூட வந்தார். “இப்போதுதான் அம்மா வீட்டில் எல்லாரும் தூங்குகிறோம்” என்றார் அந்த அம்மா.

இன்னொருவர், எழுபதைக் கடந்த பாட்டி. வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். எங்கள் அம்லோடிபின் ஒருபுறம், டவுனில் ஒரு தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த வேறு பெயர் கொண்ட அட்டை மறுபுறம். உள்ளே இருப்பது அதே அம்லோடிபின்தான். இரண்டையும் தவறாமல் சாப்பிட்டுவந்திருக்கிறார். அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்கும்; அவருக்கு இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. வீக்கத்துக்கென்று அந்தத் தனியார் மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் எழுதியிருந்தார். ஒரு மாத்திரையை எடுத்ததும் இன்னொன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு முறை செய்வதையும் இந்த நான்காவது வருகையோடு இணைத்தோம். அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரகச் செயல்பாட்டு அளவு (eGFR) 30க்குக் கீழே இறங்கியவருக்கு மெட்ஃபார்மின் தரக்கூடாது. அதை ஒவ்வொரு மாதமும் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒழுங்காக மருந்து வாங்க வருகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

மாத்திரை வீட்டுக்குப் போனபின்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகத் தொடங்கின. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், ரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் பைகள் என்று திட்டம் விரிந்தது. 2022 டிசம்பரில் பயனாளிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. ஒரு நாள் கூலியை இழக்காமல் மருந்து கிடைக்க வேண்டும் என்பது நியாயமான உரிமை. அதை இந்த அளவுக்குச் செய்து காட்டியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மாத்திரை வீட்டுக்குப் போகும்போது மருத்துவரின் கண்ணிலிருந்து நோயாளி மறைகிறார். வரிசை இருந்தவரை, குறைந்தது அவர் முகமாவது மாதம் ஒரு முறை எங்களுக்குத் தெரிந்தது. அதனால் மூன்று கட்டத்தின் தேவை குறையவில்லை, கூடிற்று. எங்கள் பகுதித் தன்னார்வலர்களோடு உட்கார்ந்து பேசினோம். அவர்களுக்கு நோயைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. வாசலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை மட்டும் முடிவு செய்தோம். மிச்ச மாத்திரை எத்தனை? வேறு எங்காவது மாத்திரை வாங்குகிறீர்களா? போன மாதத்துக்குப் பிறகு புதிதாக உடம்புக்கு ஏதாவது வந்ததா? விரதம் இருக்கிறீர்களா?

கடைசிக் கேள்வி அவர்கள் சேர்த்தது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை சாப்பிடுகிற வயதானவர் ஏகாதசி விரதம் இருந்து, மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்ததைத் தன் தெருவில் பார்த்த ஒருவர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை.

கட்டம் நிரம்பியவர்களின் பட்டியலைத் தன்னார்வலர் கொண்டுவருவார். துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர் அவர்களை முதலில் பார்ப்பார். சிக்கல் உள்ளவர்கள் என்னிடம் வருவார்கள். ஒவ்வொரு மாதமும் சிலர் வராமல் நழுவினார்கள். “மாத்திரைதான் வீட்டுக்கே வருகிறதே, எதற்கு வர வேண்டும்” என்று கேட்டார்கள். மருந்தை நிறுத்திவைத்து வரவழைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரையைப் பணயம் வைத்தால் அவர் மருந்துக் கடைக்குப் போய்க் காலி அட்டையை நீட்டுவார், அவ்வளவுதான். வராதவர் வீட்டுக்கு ஒரு மாலை நானும் கிராம சுகாதார செவிலியரும் போய்வந்தோம். ஒரு தெருவுக்கு ஒரு முறை போனால் போதும், அடுத்த மாதம் அக்கம்பக்கத்தாரே அழைத்துவந்துவிடுகிறார்கள்.

தனியார் மருத்துவமனை நடத்தும் நண்பர்கள் சிலர் இதே முறையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அட்டையின் படம் வருகிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்கு வருகிறவரைத் தொடர் சிகிச்சையில் உள்ளவராகக் கொண்டு மருந்தைத் தொலைவிலிருந்தே தொடரலாம். போதை, மனமயக்க வகை மருந்துகளை அப்படி எழுதவே கூடாது. அவர்களிடம் நான் வற்புறுத்திச் சொன்னது ஒன்றுதான். படத்தைப் பார்த்து எழுதாதீர்கள், கோப்பைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை முறை தரலாம் என்பதைச் சீட்டிலேயே எண்ணால் குறியுங்கள்.

இன்னும் எங்கள் கைக்குள் வராதவர்கள் ஆண்கள். தன்னார்வலர் பகலில் வருவார், அவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். 2024இல் வேலை செய்யும் இடத்துக்கே போகும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஊரில் பெரிய தொழிற்சாலை இல்லை. கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களுமே அதிகம். ஊரடங்கின்போது இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தோம், யாரும் தொலைக்கவில்லை, யாரும் வீணாக்கவில்லை. அந்தத் துணிச்சலில் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்து, நோட்டை அவர் மனைவியிடம் கொடுத்திருக்கிறோம். இரண்டு சுற்றுக்கு ஒரு கட்டம். வண்டி ஊருக்கு வரும் நாளில் அந்த அம்மா தன்னார்வலருக்குப் போன் செய்வார். போன முறை வண்டி வந்தது இரவு ஒன்பது மணிக்கு. தன்னார்வலர் அந்நேரத்திலும் கருவியை எடுத்துக்கொண்டு போய், லாரியின் படியில் அவரை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்து, மிச்ச மாத்திரையை எண்ணி, கட்டத்தில் தேதி போட்டிருக்கிறார். ஏழு மாத்திரை மிச்சம். நான்கு இருந்திருக்க வேண்டும்.